தெருக்குழிக்குச் சங்கப் பணத்தைப் போடலாமா? சாலைப் பராமரிப்புச் செலவு உண்மையிலேயே பலன் தருகிறதா?

பெங்களூரு வாழ் தமிழர் களம் › ஊர் நடப்பு › சாலை, தண்ணீர், மின்சாரம்

செல்வி_ஹொரமாவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி.

எங்கள் தெரு ஏறத்தாழ 200 மீட்டர் நீளம். பிரதான சாலையிலிருந்து சரிந்து இறங்கி ஒரு சிறு பாலத்தருகே முடிகிறது. முதலில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள்; மண்ணைத் தள்ளி மூடினார்கள். பிறகு குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள். ஒருநாள் இரவு யாரோ வந்து தார் ஊற்றி ஒட்டுப்போட்டுப் போனார்கள். அடுத்த மழையிலேயே ஒட்டெல்லாம் பெயர்ந்துவிட்டது.

டீக்கடை முனையில் இருக்கும் குழி தனிக் கதை. அவரவர் வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அதில் போட்டிருக்கிறார்கள். நேற்று நின்று பார்த்தேன்: செங்கல் துண்டு, மார்பிள் சில்லு, ஒரு பூந்தொட்டியின் அடிப்பாகம், பாதி டயர். இத்தனையையும் விழுங்கிவிட்டுக் குழி அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

தெரிந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் தெருவிலுள்ள குழிகளை எல்லாம் மூடித்தர ரூ. 1.4 லட்சம் கேட்கிறார். சங்கத்தில் அந்தப் பணம் இருக்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் "பள்ளிக்கூட ஆட்டோ தெருவுக்குள் வர மறுக்கிறது, போட்டுவிடலாம்" என்கிறார்கள். மீதிப்பேர் "வரி கட்டிவிட்டு மறுபடியும் ஏன் கட்ட வேண்டும்?" என்கிறார்கள். எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. சாலையில் ஒட்டுப்போடுவதால் உண்மையில் பலன் உண்டா, இல்லை விழலுக்கு இறைத்த நீர்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன் (ஜெயநகர்)

வேண்டாம். ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே மூன்று இடத்தில் சாலைக்குப் பணம் கொடுக்கிறீர்கள். கார் வாங்கும்போது கர்நாடகத்தில் ஆயுள் வரி, விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம். அதன்மேல் செஸ் வேறு. நாட்டிலேயே மிக அதிகமாக வசூலிக்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பணம் மாநில அரசுக்குப் போகிறது. ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கென்று ஒரு செஸ் இருக்கிறது. அது மத்திய அரசுக்கு. வீட்டு வரி மட்டும்தான் மாநகராட்சிக்கு வருகிறது. ஆனால் உங்கள் தெரு மாநகராட்சியின் பொறுப்பு. பெரும்பணம் வாங்குகிறவர் ஒருவர், குழியை மூட வேண்டியவர் வேறொருவர். இந்தக் கோணலை நீங்கள் 1.4 லட்சம் கொடுத்து நிமிர்த்த முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் மூடிய குழியை நாளை வேறொருவர் தான் மூடியதாகப் பில் போட்டால் உங்களிடம் என்ன சான்று இருக்கிறது?

பொதுக் கேள்விக்கு வருகிறேன். பெங்களூரில் சுமார் 14,000 கி.மீ. சாலை இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் பெரிய சாலை. மற்றவை எல்லாம் உங்களுடையதுபோன்ற வார்டுத் தெருக்கள். பெரும்பாலான போக்குவரத்து அந்தப் பத்தில் ஒரு பங்கின் மேல்தான் ஓடுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். பெரிய சாலையைக் கண்ணாடிபோல வைத்துவிட்டுச் சின்னத் தெருக்களைக் கொஞ்சம் கரடுமுரடாக விட்டால் ஊருக்கு நட்டமில்லை என்பது என் கட்சி. மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான்.

லிங்கராஜபுரம்_ஆட்டோ

கணக்கன் சார், மெதுவாகப் போங்கள் என்று எழுதுவது எளிது. ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம், அதுவும் நடுவில். காரோட்டி குழியை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுப் போகலாம். எங்களுக்கு அந்த வழியே கிடையாது. முன்சக்கரத்தைக் குழிக்குத் தப்பவைத்தால் பின்சக்கரம் அதில் இறங்கும். பின்சக்கரத்தைத் தப்பவைத்தால் முன்சக்கரம் மாட்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மா "ஐயோ" என்கிறார், அதை வாங்கிக்கட்டிக்கொள்வது நான்.

பெரிய சாலையில் போவது அரை மணி நேரம் என்றால், அதன் இரு முனையிலும் சின்னத் தெருதான் இருக்கிறது. சவாரி ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். முதல் கியரிலேயே ஊர்ந்தால் எரிவாயு எவ்வளவு குடிக்கும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? ஷாக் அப்சார்பர், புஷ், பேரிங் என்று மெக்கானிக்கிடம் கொடுப்பது எந்த வரியில் சேரும்?

செல்வி அக்கா, அந்தப் பள்ளி ஆட்டோக்காரர் மேல் கோபப்படாதீர்கள். நானாக இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கமாட்டேன்.

தூங்காத_வைட்ஃபீல்டு

எங்கள் பக்கம் புதிதாகத் தார் போட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பைக்குகள் பறக்கின்றன என்று குடியிருப்போரே சண்டைபோட்டு மூன்று வேகத்தடை வாங்கினார்கள். வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது. குழி போய் மேடு வந்தது. முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய_பொறியாளர் (ஜீவன்பீமா நகர்)

நான் தமிழ்நாட்டில் சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவு தகுமா என்று கேட்பதற்கு முன் குழி எப்படி வருகிறது என்று பாருங்கள். தார் சாலை மேலிருந்து கெடுவதைவிட அடியிலிருந்து கெடுவதே அதிகம். முதலில் முடிபோல ஒரு விரிசல். அதன் வழியே தண்ணீர் இறங்குகிறது. ஜல்லியைப் பிடித்திருக்கும் தார் ஈரத்தில் பிடியை விடுகிறது. அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை ஊறித் தளர்கிறது. அதன்மேல் சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் சேற்றுநீர் விரிசல் வழியே மேலே பீய்ச்சுகிறது. போகும்போது மண்ணின் நுண்துகளையும் கொண்டுபோகிறது. மழை விட்ட மறுநாள் தெருவில் நடந்து பாருங்கள். விரிசலைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கறை படிந்திருந்தால் அடியில் பொந்து விழத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மழை போனால் அந்த இடம் தட்டாகப் பெயர்ந்துவிடும்.

எந்த வண்டி கெடுக்கிறது என்பதிலும் நாம் தவறான ஆளைத் திட்டுகிறோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சாலைகளைப் போட்டு அவற்றின்மேல் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது, அதாவது நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று தெரிந்தது. அரை டன் ஏறும் கார் அச்சையும் பத்து டன் ஏறும் லாரி அச்சையும் ஒப்பிட்டால் சேதம் 1,60,000 மடங்கு. 2018-இல் நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கேட்க 13 சதவீதம்தான். சாலைக்கு விழும் அடியில் அது 60 சதவீதம். செல்வி அம்மா, உங்கள் தெருவைக் கெடுப்பது ஸ்கூட்டர் அல்ல. தண்ணீர் டேங்கரும், வீடு கட்ட வரும் மணல் லாரியும்தான்.

இனி ஒட்டுப்போடும் முறை. குழி வட்டமாக இருந்தாலும் அதைச் சுற்றி நல்ல சாலை தொடங்கும் இடம்வரை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்ட வேண்டும். ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும். தளர்ந்ததை எல்லாம் கெட்டித் தளம் வரும்வரை எடுத்துவிட வேண்டும். தண்ணீரும் தூசியும் ஒரு துளி இருக்கக்கூடாது. அடியிலும் நான்கு ஓரங்களிலும் தார்க் குழம்பு பூச வேண்டும். பிறகுதான் சூடான கலவை. ஆழமாக இருந்தால் இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். கடைசியில் ஓரத்தின் இணைப்பை மூட வேண்டும். சொத்தைப் பல்லைக் குடையாமல் அடைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் நீங்கள் ஒவ்வொரு மழையிலும் பார்ப்பது.

சூடு முக்கியம். கலவை ஆலையைவிட்டுப் புறப்படும்போது 150 முதல் 165 டிகிரி. சாலையில் கொட்டும்போது 140-க்குக் கீழே போகக்கூடாது. 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். ஆலைகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. தார்ப்பாய் மூடாத டிப்பர் இந்த நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று வந்தால் உங்களுக்குக் கிடைப்பது கறுப்புப் பூசிய ஜல்லி. அதை எத்தனை முறை உருட்டினாலும் ஒட்டாது.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பழுதான பரப்பு 60 சதுர மீட்டர், ஆழம் 7.5 செ.மீ. என்று வைத்தால் 4.5 கன மீட்டர். எடை பத்து டன்னைக் கொஞ்சம் தாண்டும். ஒரு டிப்பர் சுமை. வெட்டுக்கூலி, ரோலர் சேர்த்தால் அவர் கேட்கும் 1.4 லட்சம் கொள்ளை விலையன்று. முறையாகச் செய்வாரா என்பதுதான் கேள்வி. வெட்டாமல் கொட்டிவிட்டுப் போகிறவருக்கு ரூ. 20,000 கொடுத்தாலும் அது தண்டம்.

பொதுக் கேள்விக்கும் விடை இருக்கிறது. 1988-இல் உலக வங்கி 85 வளரும் நாடுகளின் சாலைகளை ஆராய்ந்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் பராமரிக்காமல் விட்டதால் 4,500 கோடி டாலர் மதிப்புள்ள சாலைகள் அழிந்தன என்றும், காலத்தில் 1,200 கோடி டாலர் செலவழித்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம் என்றும் சொன்னது. வண்டிகளுக்கு ஆன சேதம் இதில் சேராது. ஆகவே பராமரிப்பைவிட மலிவான சாலை வேலை எதுவும் கிடையாது. ஆனால் நம் ஊரில் பராமரிப்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் பராமரிப்பே அல்ல.

கணக்கன்

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் என் கட்சியைத்தான் வலுப்படுத்துகிறார். முறையாகச் செய்தால் மலிவு, முறையில்லாமல் செய்தால் தண்டம். முறையாகச் செய்வார்கள் என்று யார் உறுதி சொல்வது? புதிய சாலைக்கு ஒப்பந்தக்காரரே பழுது பார்க்க வேண்டிய பொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதியிருப்பார்கள். குழி விழுந்ததும் அந்தக் காகிதத்தை யாராவது எடுத்துப் பார்க்கிறார்களா? 2020 செப்டம்பரோடு மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பிறகு கவுன்சிலரே இல்லாமல் இத்தனை ஆண்டு ஓட்டியாயிற்று. 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. என் தெரு விளக்கு எரியாவிட்டால் எந்த அலுவலகம் போவது என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை 17 கி.மீ. சுரங்கச் சாலைக்கு ரூ. 17,000 கோடிக்கு மேல் மதிப்பீடு. கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி. அதற்குத் தலையாட்டுகிறவர்கள் ஒரு டிப்பர் தார்க்கலவைக்குச் செல்வியம்மாவின் சங்கத்தைக் கைநீட்டவைக்கிறார்கள்.

அல்சூர்_வாசுகி

எல்லோரும் தார் போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். போட்டதால் வந்த வினையை நான் சொல்கிறேன்.

எங்கள் மாமனார் காலத்து வீடு, கடைத்தெருவுக்குப் பின்னால். நான் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வாசலுக்குப் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு தாழவில்லை, தெருதான் உயர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டின் தண்ணீர் மீட்டர் இப்போது ஒரு குழிக்குள் இருக்கிறது. அளவெடுக்க வருபவர் மண்டியிட்டுக் குனிகிறார். மழை வந்தால் தெருவே எங்கள் வாசலைத்தான் வடிகாலாக வைத்திருக்கிறது. மணல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம்.

போன முறை தார் போட வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் போய் மறித்தோம். "நல்லது செய்ய வந்தால் தடுக்கிறீர்களே" என்று திட்டினார்கள். குழியோடு இருந்த தெருவில் என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இந்தச் செலவு யாருக்குத் தகும்?

பழைய_பொறியாளர்

வாசுகி அம்மா, நீங்கள் மறித்தது சரிதான். மேலடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவு புதிதாகப் போட வேண்டும். அதற்கு இயந்திரம் இருக்கிறது. சுரண்டி எடுத்ததை மறுபடி கலவையில் சேர்க்கவும் முடியும். தமிழ்நாட்டில் இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்தபோது, 2021-இல், சுரண்டாமல் சாலை போட்டு மட்டத்தை உயர்த்தக்கூடாது என்று அறிவுறுத்தினார். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் பல சண்டைகளைத் தவிர்த்திருப்பேன். சுரண்டுவதற்குத் தனிச் செலவு ஆகும் என்பதால் மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

உங்கள் தெரு போன்ற குறுகிய தெருவில் பெரிய இயந்திரம் நுழையாது. சிறியதைத் தேடிப்பிடித்து வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அதைத் தவிர்க்கத்தான் பார்ப்பார். மறுபடி வந்தால் மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். சுரண்டும் வேலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் செய்யாவிட்டால் மறிப்பதற்கு உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

மாட்டுங்கா_மணி (மும்பை)

விருந்தாளியாக நுழைகிறேன். இங்கே எங்கள் மாநகராட்சி இந்தத் தலைவலியே வேண்டாம் என்று எல்லாவற்றையும் கான்கிரீட் ஆக்கிக்கொண்டிருக்கிறது. 2023-இல் ஏறத்தாழ 400 கி.மீ. சாலைக்கு ரூ. 6,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். கிலோமீட்டருக்கு 15 கோடி வருகிறது. போட்டு முடித்த தெருவில் மழைக்காலத்தில் நிம்மதியாகப் போக முடிகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு பக்கம் போட்டு, வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அடுத்த பக்கத்தைத் தோண்டுவதற்குள் கடைக்காரர்களின் வியாபாரம் போய்விடுகிறது. முடித்தபின் குழாய் வெடித்தால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். உடைத்த இடத்தில் சிமெண்டுக் கற்களை அடுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். அது குழியைவிட மோசம்; ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் ஆடும்.

இன்னொரு செய்தி, கணக்கன் அவர்களின் கவனத்துக்கு. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் குழியாலோ திறந்த சாக்கடை மூடியாலோ இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 6 லட்சம், காயமடைந்தவருக்கு ரூ. 50,000 முதல் 2.5 லட்சம் வரை மாநகராட்சிகளும் சாலைப் பொறுப்புள்ள மற்ற அமைப்புகளும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் பிறகு வசூலிக்கச் சொன்னது.

கணக்கன்

மணி சார், இது வேறு கணக்கு. இதுவரை ஒரு குழியை மூடாமல் விட்டால் மாநகராட்சியின் பேரேட்டில் அதற்குச் செலவே இல்லை. செலவெல்லாம் ஆட்டோக்காரர் பையிலும் எலும்பு மருத்துவர் பில்லிலும் போய்விடுகிறது. மூடாமல் விடுவதற்கும் ஒரு விலை எழுதினால்தான் மூடுவது மலிவாகத் தெரியும். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைகளின்படி குழிகளால் 2022-இல் நாட்டில் 1,856 பேர் இறந்தார்கள். 2023-இல் 2,161 பேர். 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2018-இல் எல்லையில் இறப்பவர்களைவிட இது அதிகமாக இருக்கும்போலிருக்கிறது என்று சொன்னது. தலைக்கு 6 லட்சம் என்று வைத்தால் 2023-க்கு மட்டும் ரூ. 130 கோடிக்கு அருகில் வருகிறது. உயிருக்கு இதுதான் விலையா என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். பேரேட்டில் ஏறும் தொகையைச் சொல்கிறேன்.

கான்கிரீட் பற்றி: இங்கேயும் பழைய தாரின் மேல் கான்கிரீட் பரப்பும் வேலை 2017 வாக்கில் தொடங்கி வெளிவட்டச் சாலை முதல் பல இடங்களில் நடந்திருக்கிறது. வாசுகி அம்மா சொன்ன உயரப் பிரச்சினை அதில் இன்னும் மோசம். பெங்களூரில் எனக்குப் பிடித்தது டெண்டர் ஷ்யூர் சாலைகள். ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை, ரிச்மண்ட் சாலை. நடைபாதைக்கு அடியில் கேபிளுக்கும் குழாய்க்கும் தனித்தனி வழி வைத்துக் கட்டினார்கள். முதலில் விலையைக் கேட்டு ஊரே சிரித்தது. தோண்டத் தேவையில்லை என்பதற்காகக் கொடுத்த விலை அது. நடைபாதையில் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பது உபரி இலாபம்.

ஓசூர்ப்_பயணி

தினமும் ஓசூரிலிருந்து மின்னணு நகரத்துக்கு வருகிறேன். அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டியின் சத்தமே மாறிவிடும்! நம் ஊரில்

நெறியாளர்

இரு மாநிலச் சாலை ஒப்பீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. அது ஏற்கெனவே பூட்டப்பட்டும் இருக்கிறது. ஓசூர்ப்_பயணியின் பதிவில் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஓசூர்ப்_பயணி

சரி ஐயா. பெருமை பேசவில்லை, ஒரு சந்தேகம் கேட்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-இல் பத்மஸ்ரீ பெற்றாரே, அதைச் செய்தால் குழியே விழாது என்கிறார்களே?

பழைய_பொறியாளர்

அந்த முறையில் சூடான ஜல்லியின்மேல் முதலில் பிளாஸ்டிக்கைப் பூசுகிறார்கள், பிறகு தார். பிளாஸ்டிக் பூசிய ஜல்லியைத் தார் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் எளிதில் பிரிக்காது. நல்ல முறை. பெங்களூரிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக் சேர்த்துச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் வடிகால் இல்லாத தெருவில், நேற்று தோண்டி இன்று மூடிய மண்ணின்மேல் எதைப் போட்டாலும் அமுங்கும். அடிமண் இறங்கினால் மேலே பட்டு விரித்தாலும் பள்ளம்தான்.

செல்வி அம்மாவின் தெருவுக்கு இதுதான் மருந்து. குழிகள் எங்கே வரிசையாக விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். குழாய் போன கோட்டிலேயே இருந்தால், அந்தப் பள்ளத்தை மண்ணால் மூடும்போது அடுக்கடுக்காக இறுக்கவில்லை என்று பொருள். டீக்கடை முனைக் குழி மட்டும் தனியாக இருந்தால், அங்கே தண்ணீர் நிற்கிறது.

செல்வி_ஹொரமாவு

ஐயா, கையில் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னபடியே குழாய்க் கோட்டில் வரிசையாக ஐந்து குழி. டீக்கடை முனையில் மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒன்று. அங்கே மழைநீர் வடிகாலுக்குள் போக வேண்டிய வாய் ஒன்று இருந்திருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்குச் சிமெண்டுச் சரிவு கட்டியபோது அதை மூடிவிட்டார். மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் எல்லாம் அந்த முனையில்தான் தேங்குகிறது. கடைக்காரர் தினமும் டம்ளர் கழுவிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றுகிறார்.

அந்த வீட்டுக்காரர் யார் என்று கேட்காதீர்கள். "வரி கட்டிவிட்டு ஏன் கட்ட வேண்டும்" என்று கூட்டத்தில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர்.

லிங்கராஜபுரம்_ஆட்டோ

அப்படிப் போடுங்கள் அக்கா!

பழைய_பொறியாளர்

அப்படியானால் முதல் செலவு தார் அல்ல. அந்தச் சரிவை உடைத்து, தண்ணீர் வாயைத் திறந்து, மேலே இரும்புக் கம்பிவலை வையுங்கள். கார் அதன்மேல் ஏறலாம். மிகச் சொற்பச் செலவு. அதைச் செய்யாமல் அந்த முனையில் ஒட்டுப்போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி பூந்தொட்டி தேட வேண்டியிருக்கும்.

குழாய்க் கோட்டை மேலோட்டமாக ஒட்டாமல் தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கிவிட்டுப் பிறகு தார்க்கலவை. சாலை மாநகராட்சியின் சொத்து என்பதால் வார்டு பொறியாளரிடம் கடிதம் வாங்காமல் கை வைக்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து அதே கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள். கணக்கன் அஞ்சுகிற இரட்டைப் பில்லுக்கு அதுதான் பூட்டு. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை மிகுதி. ஜனவரி வரை பொறுத்துச் செய்யுங்கள். அதுவரை பிள்ளைகள் போகும் வழிக்கு மூட்டையில் வரும் குளிர்க்கலவை போதும். ஈரத்திலும் போடலாம், விலை அதிகம், ஆயுள் குறைவு. அவசரத்துக்கு மட்டும்.

கணக்கன்

சங்கப் பணம் போடக்கூடாது என்ற என் கட்சியை விடவில்லை. ஆனால் வடிகால் வாயைத் திறக்கும் செலவைச் சரிவு கட்டியவரிடம் வாங்கலாம். மீதிக்கு மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள், கொடுக்க மறுப்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

தூங்காத_வைட்ஃபீல்டு

2015-இல் சுல்தான்பாளையத்தில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் சாலைப் பள்ளத்தில் ஒரு முதலை பொம்மையைக் கிடத்தினார். உடனே ஆட்கள் வந்து மூடினார்கள். கடிதத்தைவிட முதலை மலிவு என்பது என் தாழ்மையான கருத்து.

செல்வி_ஹொரமாவு

நிலவரம் சொல்கிறேன். வார்டு பொறியாளர் நல்லவிதமாகப் பேசினார். கடிதம் கொடுத்துவிட்டார். குழாய்க் கோட்டை இறுக்கித் தருவதாகவும், தார்க்கலவைக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார். அந்த மறுப்பை எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். சரிவு உடைபட்டுவிட்டது. நேற்றைய மழையில் டீக்கடை முனையில் தண்ணீர் நிற்கவில்லை. குழி இருக்கிறது, ஆனால் உலர்ந்திருக்கிறது. உள்ளே பூந்தொட்டி தெளிவாகத் தெரிகிறது.

தார்க்கலவைக்குப் பாதிப் பணம் சங்கம், மீதி வீட்டுக்கு இவ்வளவு என்று முடிவாகியிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கு முன்பணக் காசோலை எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். இன்று காலை பால் வாங்கப் போகும்போது பார்த்தேன், தெருவின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை யாரோ மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கீழ் முனையில் ஒரு எண்ணும் எழுதியிருக்கிறது. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள்.

பழைய_பொறியாளர்

காசோலையைக் கொடுக்காதீர்கள் அம்மா. அது எரிவாயுக் குழாய்க்கோ இணையக் கேபிளுக்கோ போட்ட குறியாக இருக்கும். தோண்டுவதற்கு அனுமதி வாங்கியிருந்தால் வார்டு அலுவலகத்தில் பெயரும் தேதியும் இருக்கும். நாளையே போய்க் கேளுங்கள். தோண்டுகிறவர் மூடுவதற்காக மாநகராட்சியிடம் பணம் கட்டியிருப்பார். அந்தப் பணத்திலேயே உங்கள் டிப்பர் சுமையில் பாதி வந்துவிடும்.

லிங்கராஜபுரம்_ஆட்டோ

அக்கா, குறி இடப்பக்கமா, வலப்பக்கமா? வலப்பக்கம் என்றால் பள்ளிக்கூட ஆட்டோ இடப்பக்கமாக இறங்கலாம். அந்தத் தம்பியிடம் நான் பேசுகிறேன்.

செல்வி_ஹொரமாவு

இடப்பக்கம்.